பத்திரத்தில் ஏறாத வில்லங்கம்

வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் இரு பக்கமும் வீட்டுமனை விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர் என்று பாலாற்றை ஒட்டிய ஊர்கள் எல்லாமே வயலைத் தின்று வளர்ந்துகொண்டிருக்கின்றன. இங்கே மனை வாங்குகிறவர் ஏமாளி அல்ல. 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார். பட்டா யார் பெயரில் இருக்கிறது, டிடிசிபி அங்கீகாரம் உண்டா, புல வரைபடத்தில் இருக்கும் அளவும் கல் நட்டிருக்கும் அளவும் ஒத்துப்போகிறதா என்று துருவிக் கேட்கிறார். வாஸ்துவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் பல தலைமுறைகளாகத் தோல் பதனிடும் இந்தப் பகுதியில் முதலில் கேட்க வேண்டிய கேள்விக்கு அந்தக் காகிதக் கட்டில் எங்கேயும் விடை கிடையாது. இந்த மனைக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை மூலப்பத்திரத்துக்கு நிகரான ஆவணமாக நடத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைக் கேட்டு வாங்கும் பாரத்தை வாங்குகிறவர் தலையில் மட்டும் சுமத்தாமல் பதிவுத்துறையும் சுமக்க வேண்டும்.

நிலத்தில் இறங்கியிருப்பது என்னவென்று தெரிந்துகொள்ள, தோல் பதனிடும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பைத் தடவித்தான் டேனரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே முதல் வேலை அந்த உப்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியை நீக்குவார்கள். அதன்பின் அமிலமும் உப்பும் கலந்த கரைசலில் போட்டு, கடைசியில் குரோமியம் உப்போடு பெரிய மர உருளைகளில் சுழற்றுவார்கள். வழக்கமான முறையில் போடும் குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சுவதில்லை. கணிசமான பங்கு கழிவுநீரோடு போய்விடுகிறது. ஒரு கிலோ தோல் தயாரிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் பல காலம் ஓடையிலும் கானாற்றிலும் ஏரியிலும் விடப்பட்டு, கடைசியில் பாலாற்று மணலில் இறங்கியது. பாலாறு வருடத்தின் பெரும்பகுதி மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. மேலே விட்டதெல்லாம் அந்த அடிநீரில் சேர்ந்தது. அதையேதான் சுற்றுவட்டாரக் கிணறுகளும் மேலே இறைத்தன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இதனால்தான். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் மட்டும் 584 டேனரிகள் இருந்ததைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கணக்கெடுத்ததில், டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு முழுதாக நிரூபணம் ஆகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அங்கம் என்று நீதிமன்றம் உறுதி சொன்னதும் இதே வழக்கில்தான். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்தத் தீர்ப்பைப் பாடமாக நடத்துகிறார்கள். அந்த 35,000 ஹெக்டேரில் எந்தெந்த சர்வே எண்கள் அடங்கும் என்பது மட்டும் மனை வாங்க வருகிறவர் கையில் கிடைக்கும் எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. நிலம் அங்கேயேதான் இருக்கிறது. விளையாத நிலம் வீட்டுமனையாகப் போவதுதான் எங்கும் நடக்கிற கதை.

இந்தப் பகுதி மாசு எல்லாம் ஒரே வகை என்று எண்ணினால் சோதனையும் தவறாகத்தான் அமையும். டேனரிக் கழிவில் பெருமளவு இருப்பது உப்பு. உப்பு மண்ணில் தங்காது. நிலத்தடி நீரோட்டத்தோடு நெடுந்தூரம் போகும். தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் பெரும்பாலும் மண்ணிலும் கசடிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். அதைவிடப் பல மடங்கு நச்சுள்ளது ஆறு இணைதிறன் குரோமியம். அது தண்ணீரில் எளிதில் கரைந்து நகரக்கூடியது. ராணிப்பேட்டையின் உண்மையான அச்சம் இதுதான். அங்கே சிப்காட் வளாகத்தில் 1976 முதல் 1995 வரை இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம், டேனரிகளுக்குத் தேவையான குரோமியம் உப்புகளைத் தயாரித்தது. ஆலை மூடப்பட்டபோது வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட, உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் தயாரித்த குறியீட்டில் வேலூர், வட ஆற்காடு பகுதி 81.79 புள்ளிகளோடு ‘மிகக் கடுமையாக மாசடைந்த’ வரிசையில் வந்தது. ஆகவே ஆம்பூரில் மனை வாங்குகிறவருக்கு உப்பும் கடினத்தன்மையும் முதல் கேள்வி என்றால், சிப்காட்டுக்கு அருகே வாங்குகிறவருக்கு ஆறு இணைதிறன் குரோமியமே முதல் கேள்வி.

தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். உப்பு ஓரளவுக்கு நாக்கில் தெரியும். குரோமியம் தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குரோமியத்துக்கு எல்லை 0.05 மில்லிகிராம், அதில் தளர்வுக்கு இடமே இல்லை. 500-க்கு முன்னால் 0.05 என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மனை காட்ட வரும் தரகர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மீட்டரைத் தண்ணீரில் முக்கி, ‘டிடிஎஸ் நானூறுதான், சுத்தமான தண்ணி’ என்று சொல்லும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. குரோமியம் எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தாலும் அதன் எண் அசையாது. காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. ஆவி போகப் போக மிச்சமுள்ள தண்ணீரில் உப்பும் உலோகமும் அடர்த்தியாகத்தான் செய்யும்.

கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத ஆபத்து வீட்டு வியாபாரத்தின் ஓர் அங்கமாக எப்படி மாறியது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1984-இல் பென்சில்வேனியா மாநிலத்தில், கட்டுமானத்தில் இருந்த லிமரிக் அணுமின் நிலையத்தின் பொறியாளர் ஒருவர் வாசலைக் கடக்கும்போதெல்லாம் கதிரியக்க எச்சரிக்கை மணி அடித்தது. அவர் உள்ளே வரும்போதும் அடித்ததால், கதிரியக்கம் நிலையத்திலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. பாறையில் இயற்கையாக உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் ரேடான் வாயு அவர் வீட்டுக்குள் தேங்கியிருந்தது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை நடவடிக்கைக்கு வைத்திருக்கும் எல்லையைப் போல் ஏறத்தாழ 675 மடங்கு. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவால் அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதாக அந்த முகமை மதிப்பிடுகிறது. இன்று அங்கே பல மாநிலங்களில் வீடு விற்கிறவர் தனக்குத் தெரிந்த ரேடான் அளவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்குகிறவர் சோதித்துப் பார்த்து, அளவு கூடினால் விலையைக் குறைத்துப் பேசுகிறார், அல்லது வாயுவை வெளியேற்றும் குழாயை விற்பவர் செலவில் போடச் சொல்கிறார். இதனால் வீட்டு வியாபாரம் நின்றுவிடவில்லை. நாமும் ரேடான் சோதிக்க வேண்டும் என்று இதிலிருந்து கிளம்ப வேண்டியதில்லை. நிலவறை இல்லாமல், சன்னலைத் திறந்துவைத்து வாழும் நம் வீடுகளில் அந்த வாயு அப்படித் தேங்குவது அரிது. அவர்கள் தங்கள் மண்ணுக்குரிய கேள்வியைக் கண்டுபிடித்து அதை வியாபாரத்தின் நடுவில் வைத்தார்கள். பாலாற்றுக் கரையில் அந்த இடம் தண்ணீருக்கு உரியது.

சோதனையை எப்படிச் செய்வது என்பதும் முக்கியம். மனையில் போர் இருந்தால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் வெளியேறிய பிறகே மாதிரி பிடிக்க வேண்டும். பாட்டிலைப் பரிசோதனைக் கூடத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான மாதிரியைக் குளிரில் வைத்து விரைவாகக் கொண்டுசேர்க்க வேண்டும், தாமதித்தால் அளவு மாறிவிடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்களும் அங்கீகாரம் பெற்ற தனியார் கூடங்களும் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. கரைந்த உப்புகள், குளோரைடு, சல்பேட், கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு, மொத்த குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் ‘குடிக்கலாமா’ என்று கேட்டால் சாதாரணச் சோதனையோடு முடித்துவிடக்கூடும். குரோமியத்தைத் தனியாகக் கேட்காவிட்டால் அது பட்டியலில் வராமலே போகலாம். பக்கத்து வீட்டுக் கிணற்றின் அறிக்கையைக் காட்டினால் அதை நம்ப முடியாது. இந்தப் பகுதியில் நிலத்தடி நீர் கருங்கல் பாறையின் வெடிப்புகள் வழியாக ஓடுகிறது. இரண்டு போர்கள் அடுத்தடுத்து இருந்தாலும் வேறு வேறு வெடிப்பிலிருந்து நீர் எடுக்கலாம். முடிந்தால் கோடையில் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை பார்க்க வேண்டும்.

போரே இல்லாத வெறும் மனையாக இருந்தால் பழைய அடங்கலைத் தேட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் அந்தக் கணக்கில் ஒவ்வொரு சர்வே எண்ணிலும் எந்தப் பசலி ஆண்டில் என்ன பயிர் இருந்தது என்று எழுதியிருக்கும். நெல்லும் கரும்பும் விளைந்த ஒரு நஞ்சை, கிணற்றுப் பாசனம் இருந்தும், ஏதோ ஒரு வருடத்திலிருந்து ‘தரிசு’ என்று தொடர்ந்து பதிவாகியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஆள் கிடைக்காமலும் போயிருக்கலாம், வாரிசுத் தகராறும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரே கானாற்றை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு சர்வே எண்கள் அடுத்தடுத்த வருடங்களில் தரிசாகியிருந்தால் அதற்குக் குடும்பக் காரணம் இருக்க முடியாது. வேதியியல் படித்தவர் சொல்வதை அந்த ஊர்க் கணக்குப் புத்தகம் முன்பே சொல்லி வைத்திருக்கிறது.

எதிர்வாதங்கள் உண்டு, அவை வலுவானவையும்கூட. முதலாவது, இதெல்லாம் பழங்கதை என்பது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. கழிவுநீரை வெளியே விடாமல் உப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரை மறுபடியும் பயன்படுத்தும் முறைக்கு டேனரிகள் மாறியிருக்கின்றன. அந்தச் செலவை ஏற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்று குழாயை மூடியதால் நேற்று இறங்கியது மேலே வந்துவிடாது. பாறை வெடிப்பில் தேங்கிய உப்புநீர் கழுவிப் போகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பிரித்தெடுத்த கசடும் எங்கோ ஓரிடத்தில்தான் வைக்கப்படுகிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். நேற்றைய மாசு முடிந்த கதை என்றால், உச்ச நீதிமன்றம் இதே வேலூர் டேனரி விவகாரத்தில் 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் விரிவான தீர்ப்பு எழுத வேண்டி வந்திராது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிலுவையில் உள்ள இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றும், நிலைமையைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் அது உத்தரவிட்டது.

இரண்டாவது எதிர்வாதம் அன்றாட வாழ்க்கையிலிருந்து வருகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மேட்டூரிலிருந்து தண்ணீர் வருகிறது. குடிக்க கேன் வாங்குகிறோம், இல்லையென்றால் ஆர்ஓ மெஷின் போட்டுவிடுகிறோம், போர் தண்ணீர் எப்படி இருந்தால் என்ன? வீடு கட்டுகிறவர் இப்படிக் கேட்டால் அவருக்குக் கட்டடக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரம் சொல்கிறது. காவிரித் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, மனையில் போட்ட போரிலிருந்தே கலவைக்கும் நீராற்றுக்கும் எடுப்பதுதான் வழக்கம். அந்தத் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் கம்பி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, மேல்தளத்தின் அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். வீட்டுக் கடன் தீரும் முன்பே கூரையைப் பழுதுபார்க்க நேரும். ஆர்ஓ குரோமியத்தையும் நன்றாகவே பிரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதைச் சமையலறைக் குழாய்க்குத்தான் போடுகிறோம். குளிப்பதும் துவைப்பதும் குழந்தை தொட்டியில் விளையாடுவதும் போர் தண்ணீரில். ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் அடர்த்தியான கழிவுநீரும் அதே மண்ணில்தான் விடப்படுகிறது.

மூன்றாவது எதிர்வாதத்துக்குப் பதில் சொல்வதுதான் கடினம். சர்வே எண் வாரியாக மாசை வெளியிட்டால் அந்த நிலத்தின் விலை விழும். நட்டப்படுவது டேனரி முதலாளி அல்ல, பயிரையும் கிணற்றையும் ஏற்கெனவே இழந்து, விற்கவாவது ஒரு துண்டு நிலம் மிஞ்சியிருக்கும் சிறு விவசாயி. இந்தக் கவலை நியாயமானது. 1996 தீர்ப்பின்படி அமைந்த சூழலிழப்பு ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது; பிரித்துப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. விவசாயிக்கு நியாயமே கிடைக்காதபோது அவரிடம் நேர்மையை மட்டும் கேட்பது எப்படி? ஆனால் இன்று நடப்பதைப் பார்த்தால் மறைப்பதால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. உள்ளூர்க்காரருக்கு எந்தக் கிணறு கெட்டது என்று தெரியும். அவர் அந்த நிலத்துக்கு ஏற்கெனவே குறைந்த விலைதான் சொல்வார். அந்தக் குறைந்த விலைக்கு வாங்கி, மண் கொட்டி மேடாக்கி, பிளாட் போட்டு, வெளியூர்க்காரருக்கு முழு விலைக்கு விற்கிறவருக்கே மௌனத்தின் பலன் போகிறது. மாசு ஆவணத்தில் ஏறினால் இழப்பீடு கேட்கும் உரிமைக்கு விவசாயி கையில் அத்தாட்சி கிடைக்கும். விலை விழுந்த தொகையும் மாசுபடுத்தியவர் தர வேண்டிய இழப்பின் ஒரு பகுதியாகவே கணக்கில் சேர வேண்டும்.

சட்டம் இதை முற்றிலும் கைவிட்டிருப்பதாகவும் சொல்ல முடியாது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குகிறவருக்குத் தெரியாததுமான முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவது மோசடி. ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாத குறையாக அது இருக்க வேண்டும். பாலாற்று மாசு உச்ச நீதிமன்றம் வரை போய் ஊரறிந்த விஷயமான பிறகு, ‘நீங்கள் ஏன் சோதிக்கவில்லை’ என்று விற்பவரின் வக்கீல் கேட்பார். அதற்குப் பதில் சொல்வது எளிதல்ல.

காகிதத்தில் ஏறுவது எங்கே ஏறுகிறது என்பதும் முக்கியம். நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கனால் என்ற பழைய கால்வாயில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்து, 1953-இல் அந்த இடத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு விற்றது. உள்ளே கழிவு இருப்பது அந்தக் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பிறகு அங்கே பள்ளி எழுந்தது; சுற்றிலும் வீடுகள் வந்தன. வீடு வாங்கிய குடும்பங்கள் அந்தப் பத்திரத்தைப் பார்க்கவில்லை. 1978-இல் அதிபர் கார்ட்டர் நெருக்கடிநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தும் அது ஒரு பத்திரத்தோடு நின்றுவிட்டது. நிலத்தைத் தொடர்ந்து போகவில்லை.

நிலத்தைத் தொடர்ந்து போகும் காகிதம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அடமானமும் நீதிமன்ற ஜப்தியும் வில்லங்கச் சான்றில் தெரிகின்றன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை விதித்தபோது சார்பதிவாளர் அலுவலகங்களில் அது உடனே நடைமுறைக்கு வந்தது. ஒரு நிலத்தின் தன்மையைக் காரணம் காட்டிப் பதிவை நிறுத்தவும் நிபந்தனை வைக்கவும் அந்த அலுவலகத்தால் முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு, மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென்று சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். மாநில வாரியம் ஆய்வு செய்து உறுதிப்படுத்த வேண்டும். மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும். அப்படி உறுதியான இடங்களின் பட்டியல் இணையதளத்தில் ஒரு கோப்பாகக் கிடந்தால் லவ் கனால் பத்திரத்தின் கதிதான் அதற்கும். சர்வே எண்ணோடு அது பதிவுத்துறைக்குப் போய், அந்த எண்ணுக்கு வில்லங்கம் போடும் யாருக்கும் ஒரு வரியாகத் தெரிய வேண்டும். இடம் சுத்திகரிக்கப்பட்டால் அடமானம் ரத்தாவதுபோல் அந்த வரியும் ரத்தாகலாம்.

அதுவரைக்கும் வாங்குகிறவர் கையில் கிரய ஒப்பந்தம் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன், ‘மனையின் நிலத்தடி நீரை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பரிசோதனைக் கூடத்தில் சோதிக்க விற்பவர் சம்மதிக்கிறார், குரோமியமோ குளோரைடோ இன்ன அளவைத் தாண்டினால் ஒப்பந்தம் ரத்தாகி முன்பணம் முழுதாகத் திரும்ப வரும், சொத்தில் தோல் கழிவோ கசடோ கொட்டப்பட்டதாகத் தனக்குத் தெரியாது என்று விற்பவர் உறுதி கூறுகிறார்’ என்ற பொருளில் மூன்று வரி எழுதச் சொல்ல வேண்டும். எந்த வக்கீலும் எழுதித் தருவார், முத்திரைத்தாள் செலவும் இதனால் கூடாது. அந்த வரிகளை எழுத விற்பவர் மறுத்தால், அட்வான்ஸைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பிவிடலாம்.